திகில், த்ரில்லர், அடிதடி: தண்டையார்பேட்டையிலிருந்து சில பதில்கள்

வெள்ளிக்கிழமை வந்தால் போதும், "இந்தப் படம் எப்படி, போலாமா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். யார்டில் ஷிப்ட் மாறும்போது கேட்கிறார்கள், டீக்கடையில் கேட்கிறார்கள், தங்கச்சி மகன் ராத்திரி பதினோரு மணிக்கு போன் போட்டுக் கேட்கிறான். துண்டு துண்டாகச் சொல்வதைவிட உட்கார்ந்து ஒரு தடவை எழுதிவிடலாம் என்று தோன்றியது. அடிதடி, த்ரில்லர், பேய்ப்படம் மூன்றும்தான் இங்கே. குடும்பப் படம் பற்றி என் மனைவியிடம் கேளுங்கள், அவள் என்னைவிட நன்றாகச் சொல்வாள்.

முதல்ல நீங்க யாரு? எதை வச்சுப் படத்தை நல்லது கெட்டதுன்னு சொல்றீங்க?

வட சென்னையில் தண்டையார்பேட்டையில் பிறந்து இன்னும் அங்கேயே இருக்கிறேன். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க் வேலை. உள்ளே வருகிற ஒவ்வொரு பெட்டியின் நம்பரையும், அதன் கதவில் பூட்டியிருக்கும் சீலின் நம்பரையும் சரிபார்த்து, எங்கே அடிபட்டிருக்கிறது, எங்கே துரு ஏறியிருக்கிறது என்று சுற்றிவந்து எழுத வேண்டும். இரண்டாவது ஷிப்ட் ஒன்பதரைக்கு முடிந்தால் நேராக இரண்டாவது ஆட்டம். சினிமாவைப் படித்தவன் இல்லை, முப்பது வருஷமாக டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவன். ஒரு பொருளைச் சுற்றிவந்து நிதானமாகப் பார்க்கிற பழக்கம் வேலையில் வந்தது, அதே பழக்கத்தோடுதான் படத்தையும் பார்க்கிறேன்.

சமீபத்துல வந்த த்ரில்லர்ல எது உங்க மனசுல நின்னது?

மகாராஜா. 2024 ஜூனில் வந்தது, நித்திலன் சாமிநாதன் இயக்கம், விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது படம். சலூன் வைத்திருக்கும் ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், வீட்டில் லட்சுமியைக் காணோம், கண்டுபிடித்துக் கொடுங்கள் என்கிறார். லட்சுமி ஒரு குப்பைத்தொட்டி. போலீஸ்காரர்கள் சிரிக்கிறார்கள், அடிக்கிறார்கள், விரட்டுகிறார்கள், அவர் போகவே மாட்டேன் என்கிறார்.

அந்த ஸ்டேஷன் காட்சிகளுக்காகவே மறுபடி போய்ப் பார்த்தேன். யார் கேட்டாலும் அதே கதையை அதே வார்த்தையில் அதே வரிசையில் சொல்கிறார். முதல் தடவை நமக்குச் சிரிப்பு வருகிறது, மூன்றாவது தடவை வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது. ஸ்டேஷன் வாசலில் கைகட்டி நின்ற ஏழை மனிதன் அப்படித்தான் பேசுவான். ஒரு வார்த்தை மாறினாலும் "அப்ப அப்படிச் சொன்னே, இப்ப இப்படிச் சொல்றே" என்று மடக்கிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் அவர் பேச்சை நாம் சந்தேகப்படாமல் நம்புகிறோம். அதற்குள்ளே வேறு காரணம் ஒன்று ஒளிந்திருப்பது பிற்பாடுதான் தெரிகிறது. சிங்கம்புலியைச் சிரிப்பு நடிகராகவே பார்த்துப் பழகிய நம்மை இயக்குநர் பயன்படுத்திக்கொண்ட விதமும் எனக்குப் பெரிய விஷயம்.

அந்தப் படத்தில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. ஒரு சின்னப் பெண்ணுக்கு நேரும் கொடுமை கதையின் கடைசி முடிச்சாக வைக்கப்பட்டிருக்கிறது. அவள் என்ன நினைத்தாள், எப்படித் தாங்கினாள் என்பதற்கு ஒரே ஒரு காட்சிதான், மற்ற நேரமெல்லாம் அப்பாவின் கோபம். எட்டாவது படிக்கிற மகள் எனக்கு இருக்கிறாள். அந்த இடத்தில் கைதட்டியவர்களோடு சேர்ந்து என்னால் கைதட்ட முடியவில்லை.

ட்விஸ்ட்டை முன்னாடியே கண்டுபிடிச்சுட்டேன், அப்போ படம் வேஸ்ட்டா?

இல்லை. யார்டில் நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். கன்டெய்னரில் திருட்டுப் போனால் சீல் உடைந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கெட்டிக்காரத் திருடன் சீலைத் தொடவே மாட்டான். கதவுக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ரிவிட்டை அறுத்துக் கதவைத் திறந்து, சரக்கை எடுத்துவிட்டு, புது ரிவிட் அடித்து மேலே பெயிண்ட் பூசிவிடுவான். சீல் நம்பர் சரியாக இருக்கும், பேப்பரும் சரியாக இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் மற்ற ரிவிட்டெல்லாம் துருவேறிக் கிடக்க, ஒன்று மட்டும் வழவழப்பாக இருக்கும்.

நல்ல த்ரில்லர் அந்த ரிவிட்டை நமக்குக் காட்டிவிட்டுத்தான் ஏமாற்ற வேண்டும். இரண்டாவது தடவை பார்க்கும்போது "அடடா, இது அப்பவே கண்ணு முன்னாடிதானே இருந்தது" என்று தோன்ற வேண்டும். கடைசிப் பத்து நிமிஷத்தில் இதுவரை வராத ஒரு ஆளைக் கொண்டுவந்து இவன்தான் கொலைகாரன் என்பது ட்விஸ்ட்டே இல்லை. அதே மாதிரி, முன்கூட்டிக் கண்டுபிடித்த பிறகும் உட்கார்ந்து பார்க்க முடிகிறதென்றால் அது நல்ல படம்.

2023-ல் வந்த போர் தொழில் அப்படி ஒன்று. விக்னேஷ் ராஜா இயக்கியது. திருச்சிப் பக்கம் தொடர்கொலை, விசாரிக்க முறைத்துக்கொண்டே இருக்கும் எஸ்.பி.யாகச் சரத்குமார், புத்தகத்தில் படித்ததையெல்லாம் நம்பும் பயிற்சி டி.எஸ்.பி.யாக அசோக் செல்வன். கொலைகாரன் யார் என்பதைவிட இந்த இருவரும் ஒருவரையொருவர் எப்போது மதிக்கப்போகிறார்கள் என்றுதான் நான் காத்திருந்தேன். பயப்படுகிற ஒருவன் போலீஸ் வேலைக்கு லாயக்கா என்ற கேள்வியைப் படம் நேராக எடுத்துப் பேசியது, தமிழில் அதை யார் செய்தார்கள் சொல்லுங்கள்.

சைக்கோ கொலைகாரன் படம்னா ஏன் உங்களுக்கு எரிச்சல் வருது?

2018-ல் ராட்சசன் வந்து பெரிய வெற்றி பெற்றது. நானும் கையைப் பிசைந்துகொண்டுதான் பார்த்தேன், குறிப்பாக அந்தப் பரிசுப் பெட்டி வரும் இடங்கள். அதற்கப்புறம் வந்த எத்தனையோ படங்களில் அதே அச்சு: கொலை செய்கிறவனுக்குப் பள்ளிக்கூடத்தில் கேலி நடந்திருக்கும், இல்லை உடம்பில் ஒரு குறை இருக்கும், இடைவேளைக்கு அப்புறம் அதை இருபது நிமிஷம் சொல்வார்கள். கேலிக்கு ஆளான பிள்ளைகள் நம் தெருவில் எத்தனை பேர்? அவர்கள் ஆட்டோ ஓட்டுகிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளை நல்லபடியாக வளர்க்கிறார்கள். உடம்பில் குறை இருப்பவனைப் பார்த்து ஒரு குழந்தை பயப்படும்படி படம் எடுப்பது எனக்கு உடன்பாடில்லை. அப்புறம், சாகிற பெண்களுக்கு இந்தப் படங்களில் ஒரு பெயர்கூட நிற்பதில்லை.

தமிழ்ப் பேய்ப்படத்தைப் பார்த்துப் பயந்து எவ்வளவு நாளாச்சு?

நாளாச்சு. 2009-ல் மாதவன் நடித்த யாவரும் நலம், 2015-ல் நயன்தாரா நடித்த மாயா, இவையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகும் கூடவே வந்தன. நடுவில் காஞ்சனா போட்ட பாதை இருக்கிறதே, கொஞ்சம் பயம், நிறையச் சிரிப்பு, அப்புறம் பேயின் பழைய கதையைக் கேட்டு அழுகை, கடைசியில் கோயிலில் ஒரு பெரிய பாட்டு, அதில்தான் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2024-ல் வந்த அரண்மனை 4 அஸ்ஸாம் பக்கத்து நம்பிக்கையில் இருக்கும் 'பாக்' என்ற நீர்ப்பிசாசை எடுத்துக்கொண்டது, புதுசாக ஒரு பேய் கிடைத்தும் நடத்தியது பழைய கச்சேரிதான். குழந்தைகளோடு போனோம், அவர்கள் சந்தோஷப்பட்டார்கள், அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். பயம் மட்டும் இல்லை.

அதே வருஷம் ஆகஸ்ட் 15-ல் வந்த டிமான்ட்டி காலனி 2 இன்னும் உழைப்போடு எழுதியிருந்தார்கள். ஆனாலும் எனக்கு 2015-ல் வந்த முதல் பாகம்தான். காரணம் எளிது. நாலு பையன்கள், ஒரு வாடகை அறை, மழை, ஒரு டிவி, அவ்வளவுதான். அந்த அறையை நமக்குத் தெரியும், சென்னையில் பேச்சிலராக இருந்த யாருக்கும் தெரியும். இரண்டாம் பாகத்தில் பேய் பெரிதாகிவிட்டது, அறை காணாமல் போய்விட்டது.

மலையாளத்துல மட்டும் எப்படி பயமுறுத்துறாங்க?

எல்லாப் படமும் அப்படி இல்லை. ஆனால் ராகுல் சதாசிவன் என்ற இயக்குநரின் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 2022-ல் ரேவதி நடித்த பூதகாலம், 2024 பிப்ரவரியில் மம்மூட்டி நடித்த பிரம்மயுகம்.

பிரம்மயுகம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. பதினேழாம் நூற்றாண்டு, அடிமை வாழ்விலிருந்து தப்பி ஓடிவரும் ஒரு பாணன் காட்டுக்குள் இடிந்து கிடக்கும் ஒரு மனைக்குள் நுழைகிறான். அங்கே ஒரு கிழவர் இருக்கிறார், சோறு போடுகிறார், பாடச் சொல்கிறார், பகடை விளையாடக் கூப்பிடுகிறார். இதில் எங்கே பேய் என்று கேட்டால், அந்த விருந்தோம்பல்தான். சாதியில் மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பக்கத்தில் உட்காரவைத்து அன்பாகப் பேசினால் ஏன் உள்ளுக்குள் நடுங்குகிறது என்று அந்தப் படம் காட்டிவிட்டது. பகடையில் தோற்றவன் பணம் இழப்பதில்லை, அவனுடைய காலத்தையே பந்தயமாக வைக்கிறான். மம்மூட்டி கத்தவே இல்லை, சிரிக்கிறார், ஏப்பம் விடுகிறார், அதுவே போதுமாக இருந்தது.

சத்தத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் யார்டில் ரீஃபர் பெட்டிகள் என்று ஒரு வரிசை உண்டு, மீனும் இறாலும் மருந்தும் வைக்கும் குளிர்பெட்டிகள், கரன்ட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்க அந்த உர்ர்ர் என்ற சத்தம்தான். ஒரு வாரத்தில் காது அதை மறந்துவிடும். என்றைக்காவது ஒரு பெட்டி நின்றுபோனால், எங்கோ மூலையில் டீ குடித்துக்கொண்டிருப்பவன்கூடத் தலையைத் தூக்குவான். யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏதோ சரியில்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். பேய்ப்படத்தில் சத்தம் அப்படி வேலை செய்ய வேண்டும். முதலில் ஒரு சத்தத்துக்கு நம்மைப் பழக்க வேண்டும், அப்புறம் அதை எடுத்துவிட வேண்டும். பிரம்மயுகத்தில் மழையும் விளக்கும் மரப்படியும் நமக்குப் பழகிய பிறகு வரும் அமைதிகள் அப்படிப்பட்டவை. நம்மவர்கள் பல பேர் டமால் என்று ஒரு அடி அடித்துவிட்டு நாம் துள்ளியதைப் பயம் என்று கணக்கு எழுதிக்கொள்கிறார்கள். பின்னாலிருந்து யார் தோளைத் தட்டினாலும்தான் துள்ளுவோம்.

ஆக்‌ஷன் படத்துல ரத்தம் ஜாஸ்தியாயிடுச்சே, பிடிச்சிருக்கா?

ரத்தம் எனக்குப் பிரச்சினை இல்லை. அதற்கு விலை இல்லாமல் போவதுதான் பிரச்சினை.

2024 ஜூலையில் வந்த கில் என்ற இந்திப் படம், ஓடும் ரயிலில் கொள்ளைக் கூட்டம், எதிரில் ஒரு ராணுவ வீரன். அவ்வளவு வெட்டுக்குத்து நான் இந்தியப் படத்தில் பார்த்ததில்லை. படம் பாதிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தலைப்பே திரையில் விழுகிறது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: அந்தக் கொள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒரே சொந்தபந்தம். ஒருத்தன் செத்தால் இன்னொருத்தன் உட்கார்ந்து அழுகிறான். எண்ணிக்கைக்காகச் சாகிற அடியாள் என்று யாருமே இல்லை. அதனால் ஹீரோ ஜெயிக்கும்போதுகூட நமக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

அதே வருஷக் கடைசியில் வந்த மலையாள மார்க்கோவில் குழந்தைகளைக்கூட விடவில்லை, அதைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, துக்கமும் வரவில்லை, மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். தனுஷ் இயக்கி நடித்த ராயன் இரண்டுக்கும் நடுவில். முதல் பாதியில் அண்ணன் தம்பி தங்கை என்று அழகாகக் கட்டிய வீட்டை இரண்டாம் பாதியில் அவசரமாக இடித்துவிட்டார்.

கூலி பார்த்தீங்களா? ஹார்பர் படமாச்சே?

பார்த்தேன், 2025 ஆகஸ்ட் 14, முதல் நாளே. ரஜினி வரும் இடங்களில் எல்லோரையும்போல நானும் விசிலடித்தேன். கதையை லோகேஷ் கனகராஜ் தன் கைதி படத்தில் கட்டிய மாதிரிக் கட்டவில்லை என்பது என் எண்ணம்.

ஹார்பர் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், இது ஒரு படத்துக்கு மட்டும் இல்லை. தமிழ் சினிமாவுக்குக் கப்பல், கன்டெய்னர் என்றாலே கடத்தல். மஞ்சள் லைட், பனிமூட்டம், ஆளே இல்லாத சந்து, வில்லன் நடந்து வருவான். நிஜத்தில் துறைமுகத்தில் ஆளில்லாத இடமே கிடையாது. பாஸ் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது, கேட்டில் சி.ஐ.எஸ்.எஃப் என்கிற மத்தியப் பாதுகாப்புப் படையினர் நிற்பார்கள், ஜீரோ கேட்டுக்கு வெளியே டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும், டிரைவர்கள் வண்டிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். நாற்பதடிப் பெட்டி தலைக்கு மேலே கிரேனில் தொங்கிப் போகும்போது கீழே நிற்பவனுக்கு இருக்கும் பயம் எந்த அடியாளைப் பார்த்தாலும் வராது. அந்த வேலையையும் அந்தப் பயத்தையும் ஒரு த்ரில்லராக யாராவது எடுத்தால் முதல் டிக்கெட் என்னுடையது.

சண்டைக் காட்சின்னா எது பெஸ்ட்?

சார்பட்டா பரம்பரை. 2021 ஜூலையில் கொரோனாவால் நேராக ஓடிடியில் வந்தது, தியேட்டரில் பார்க்க முடியாமல் போன வருத்தம் இன்னும் இருக்கிறது. எழுபதுகளின் வட சென்னை, பாக்ஸிங் பரம்பரைகள், எமர்ஜென்சி. ஹீரோ கபிலன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், ஆட்டத்தைப் பார்க்க வேலை முடிந்த கையோடு ஓடுகிறான். எங்கள் பெரியப்பாவும் அப்படி ஓடியவர்தான், ரத்தமும் வியர்வையுமாகப் பார்த்த ஆட்டங்களைச் சாகிற வரைக்கும் கையை மடக்கிக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டான்சிங் ரோஸ் ஆட்டத்தைப் பாருங்கள். ஷபீர் கல்லரக்கல் கையைத் தொங்கப்போட்டு, இடுப்பை ஆட்டி, முகத்தை முன்னால் நீட்டிக் கொடுக்கிறார். கபிலன் அடிக்கப் போனால் அந்த முகம் அங்கே இல்லை. ஒருவன் எப்படி நிற்கிறான் என்பதிலேயே அவன் யார் என்று தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு நடை, ஒரு குணம். எத்தனை பேரை அடித்தான் என்பதை நான் அந்தப் படத்தில் எண்ணவே இல்லை, எப்படி அடித்தான் என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதற்கு அடுத்து 2019-ல் வந்த கைதி. ஒரே ராத்திரி, பாட்டு இல்லை, ஹீரோயின் இல்லை, ஒரு லாரி. கார்த்தியின் சண்டைகளைவிட, காலியான கமிஷனர் ஆபீஸில் மாட்டிக்கொண்ட கான்ஸ்டபிள் நெப்போலியனாக ஜார்ஜ் மரியான் நாலைந்து காலேஜ் பிள்ளைகளை வைத்துக் கதவைக் காப்பாற்றும் இடம்தான் எனக்கு. வயதானவர், உடம்பில் பலமில்லை, ஆனால் விலகிப் போகவில்லை. 2025 மார்ச்சில் வந்த வீர தீர சூரனும் ஒரே ராத்திரிக் கதை, மதுரைப் பக்கம் மளிகைக் கடைக்காரராக விக்ரம். நீதிமன்றத் தடையால் அன்றைக்குக் காலைக் காட்சிகள் ஓடவில்லை, சாயங்காலம்தான் படம் போட்டார்கள். இரண்டாம் பாகத்தை முதலில் விட்டதால் சிலருக்குக் குழப்பம், எனக்கு அதுவே பிடித்தது. பழைய பகையை நமக்கு விளக்காமல் பேசிக்கொள்கிறார்கள், நாம்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

வட சென்னைன்னாலே கத்தி, கஞ்சா, ரவுடி. அப்படித்தானே காட்டுவாங்க?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் மகள் போன வருஷம் ஒரு போட்டிக்கு நகரத்தின் அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். எந்த ஏரியா என்று கேட்டிருக்கிறார்கள், சொன்னதும் ஒரு பெண் "அங்க டெய்லி வெட்டிப்பாங்களா?" என்று கேட்டாளாம். அந்தப் பெண் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவள் பார்த்த படங்கள் அப்படி. என் மகள் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் பேசவில்லை, ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னாள்.

இங்கே குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெற்றிமாறனின் வட சென்னை 2018-ல் வந்தபோது நான் அதை வெறுக்கவில்லை, இன்றைக்கும் மதிக்கிறேன். ஏனென்றால் அந்தப் படம் கத்தி எதற்காகத் தூக்கப்பட்டது என்று கேட்டது. கடலோரத்து மண் யாருக்கு, ரோடு போடுகிறோம் என்று வந்தால் குப்பத்து ஜனம் எங்கே போகும் என்ற கேள்வி நடுவில் இருந்தது. அந்த ஜனத்துக்காக நிற்கும் ராஜனைக் கொல்லப்போகிற நாலு பேரின் முகத்தைப் பாருங்கள், அவர்களுக்கே கை வரவில்லை, அந்தத் தயக்கம்தான் அந்தக் காட்சியைத் தாங்க முடியாததாக்குகிறது. அதற்கு முன்னால் 2014-ல் வந்த மெட்ராஸ் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒரு சுவரை வைத்துக்கொண்டு மொத்த அரசியலையும் சொன்னது. 2024 நவம்பரில் வந்த சொர்க்கவாசல், 1999-ல் சென்னை மத்திய சிறையில் நடந்த கலவரத்தை எடுத்துக்கொண்டது. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த அந்தச் சிறை இப்போது இல்லை, கைதிகளைப் புழலுக்கு மாற்றிவிட்டார்கள். ஆர்.ஜே.பாலாஜியை அதில் பார்த்து நான் அசந்துபோனேன், அடி வாங்க வாங்க ஒரு மனிதன் எப்படி மாறுகிறான் என்பதைப் படம் நிதானமாகக் காட்டியது.

எனக்கு வருத்தமெல்லாம், இவற்றைப் பார்த்துவிட்டுக் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள்மேல்தான். ஒரு குப்பம், ஒரு கானா, இரண்டு லுங்கி, ஒரு "இன்னாபா", முடிந்தது வட சென்னை. இங்கே ஒவ்வொரு தெருவிலும் கேரம் போர்டு இருக்கிறது, அதிலிருந்து புது வண்ணாரப்பேட்டைக் காசிமா என்ற பெண், ஆட்டோ டிரைவரின் மகள், 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். அவர் கடைசியில் சிவப்புக் காயைப் போடப்போகும் அந்த நொடியில் இருக்கும் பதற்றத்தை ஒரு த்ரில்லரில் வைக்க முடியாதா? காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தில் கூடையைச் சுற்றி நிற்கும் பெண்களின் கண்ணைப் பாருங்கள், ஒரு ரூபாய் ஏற்றலாமா வேண்டாமா என்று. அதைவிட சஸ்பென்ஸ் எந்தப் படத்தில் இருக்கிறது?

இங்கிலீஷ் பேய்ப்படம் பார்ப்பீங்களா?

பார்ப்பேன். கான்ஜூரிங் வரிசை எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது, 2025-ல் வந்த கடைசிப் படத்தைக் கடமைக்குத்தான் பார்த்தேன். ஃபைனல் டெஸ்டினேஷன் மட்டும் விடமாட்டேன், அதில் பேயே கிடையாது, ஆணி, கண்ணாடி, வயர், தண்ணீர் இவைதான் ஆளைக் கொல்லும். 2003-ல் வந்த இரண்டாம் பாகத்தில் மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று வரும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லருக்குப் பின்னால் பைக் ஓட்டுகிறவன் அதை எப்படி மறப்பான்? நான் இன்றைக்கும் லோடு வண்டிக்கு நேர் பின்னால் போகமாட்டேன், நீங்களும் போகாதீர்கள்.

தியேட்டரா, ஓடிடியா?

பேய்ப்படமும் த்ரில்லரும் தியேட்டரில்தான். இருட்டும் பக்கத்து சீட்டில் இருப்பவரின் மூச்சும் படத்தில் பாதி. தமிழ்ப் படங்கள் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன, காத்திருக்கலாமே என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். வீட்டில் பார்க்கும்போது குக்கர் விசில் அடிக்கும், கரன்ட் பில் பற்றிப் பேச்சு வரும், நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். அமைதிக்காகக் கட்டிய ஒரு காட்சி அங்கேயே செத்துவிடும்.

ஆனால் போவதற்கு இடம் குறைந்துகொண்டே வருகிறது என்பதும் உண்மை. அகஸ்தியா 2020-ல் மூடப்பட்டது. பெரம்பூர் பிருந்தா, ரஜினி திறந்துவைத்ததால் ரஜினி தியேட்டர் என்றே ஜனங்கள் கூப்பிட்டது, 2025-ல் அதுவும் போனது. எங்கள் அம்மா கைக்குழந்தையாக என்னைத் தூக்கிக்கொண்டு போன தியேட்டர் அகஸ்தியா. இடித்துக்கொண்டிருந்த நாட்களில் அந்த வழியாகப் போகும்போது அவர் ஆட்டோவில் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். இப்போது நாங்கள் பெரும்பாலும் ராயபுரம் ஐட்ரீமுக்குப் போகிறோம், இல்லையென்றால் மெட்ரோவில் ஏறி நகரத்துக்குள். போன மாதம் ஒரு தியேட்டரில் பின்னாலிருந்த ஸ்பீக்கர் வேலையே செய்யவில்லை, சொல்லியும் கேட்கவில்லை. பின்னாலிருந்து வரவேண்டிய காலடிச் சத்தம் முன்னாலிருந்து வந்தால் அந்தப் பேய்ப்படத்தில் என்ன மிச்சம் இருக்கும்? டிக்கெட் காசைவிட அந்தச் சத்தத்தைச் செய்த ஆளின் உழைப்பு வீணானதுதான் எனக்கு வலித்தது.

குழந்தைகளைக் கூட்டிட்டுப் போலாமா?

சர்டிபிகேட்டைப் பாருங்கள். முன்னால் யு/ஏ என்று ஒன்றுதான் இருந்தது, இப்போது 7, 13, 16 என்று வயதோடு பிரித்துப் போடுகிறார்கள். ஏ என்றால் பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இல்லை. கூலிக்கு ஏ கிடைத்தது, ரஜினி படமாயிற்றே என்று பிள்ளைகளோடு வந்து வாசலில் நின்று சண்டை போட்டவர்களைப் பார்த்தேன். கேட்டில் நின்ற பையன் என்ன செய்வான், அவன்மேல் கோபப்படாதீர்கள். அப்புறம், யு/ஏ 13 என்றாலும் உங்கள் பிள்ளையை உங்களுக்குத்தான் தெரியும். என் மகள் பிரம்மயுகத்தைத் தாங்கினாள், மகாராஜாவுக்கு நான் கூட்டிப்போகவில்லை.

கதையைச் சொல்லிடாதீங்கன்னு ஏன் இவ்வளவு கறாரா இருக்கீங்க?

ஒருத்தர் இரண்டு வருஷம் உழைத்துக் கட்டிய முடிச்சை டீ குடிக்கிற நேரத்தில் அவிழ்க்க எனக்கு உரிமை இல்லை.

இந்தப் பக்கத்துல ஒரு பேய்ப்படம் எடுக்கணும்னா நீங்க எங்க எடுப்பீங்க?

காசிமேட்டில். இடிந்த பங்களா வேண்டாம், வெள்ளைப் புடவை வேண்டாம். எங்கள் சித்தி வீட்டுக்காரர் விசைப்படகில் போனவர். ராத்திரி எத்தனை படகு உள்ளே வந்தாலும் எஞ்சின் சத்தத்தை வைத்தே "இது நம்மது" என்று சித்தி சொல்லிவிடுவார். பாயில் படுத்திருப்பார், கண் மூடியிருக்கும், சத்தம் கேட்டதும் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பார். ஒரு நாளும் தப்பியதில்லை.

படம் இப்படி ஆரம்பிக்கட்டும். ஒரு படகு போய்த் திரும்பவில்லை. தேடிப் போனவர்களும் வெறுங்கையோடு வந்துவிட்டார்கள். நாற்பதாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. உறவெல்லாம் கிளம்பிப் போன ராத்திரி, அந்த வீட்டுப் பெண் படுத்திருக்கிறாள். தூரத்தில் ஒரு எஞ்சின் சத்தம். வழக்கமாக மூன்றாவது அடியில் ஒரு திக்கல் இருக்கும், அந்தத் திக்கலும் இருக்கிறது. அவள் எழுந்து உட்காருகிறாள், கை தானாகத் தீப்பெட்டியைத் தேடுகிறது.